பங்கு மார்க்கெட்டில் ரப்பர் விரல்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நமது சங்கத்தின் வாசகசாலையில் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டு அமர்ந்திருந்தோம். துறைமுகத்தில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்று, இப்போது டோம்பிவிலியில் மகனோடு வசிக்கும் பெரியவர் ஒருவர் அருகில் வந்து உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்:

"தம்பி, ஒரு சந்தேகம். சந்தையில் ஒருவன் வாங்கினால் இன்னொருவன் விற்கவேண்டும் அல்லவா? நம் பையன் நாள் முழுதும் கைப்பேசியில் ஏதோ வாங்குகிறான், விற்கிறான். எதிரே நிற்பவன் யாரடா என்று கேட்டால் சிரிக்கிறான். உங்களுக்காவது தெரியுமா, அவன் யாரென்று?"

நமக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. பெரியவர் மேலும் சொன்னதிலிருந்து விஷயம் விளங்கியது. அம்பாசமுத்திரத்துக்கு அருகே ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறார். அதில் வீடு எழுப்புவதற்காகச் சேர்த்த தொகையில் இரண்டு லட்சத்துக்கு மேல், மகனுடைய கைப்பேசி வழியாக ஏழெட்டு மாதங்களில் கரைந்துபோயிற்று. பையன் சீட்டாடுபவன் அல்லன், குடிப்பவனும் அல்லன், பட்டம் பெற்றவன், கணக்கில் புலி. "எனக்குக் கை சுறுசுறுப்பு, அப்பா. இன்னும் கொஞ்சம் பழகினால் விட்டதைப் பிடித்துவிடுவேன்" என்கிறானாம்.

சுறுசுறுப்பு என்ற அந்தச் சொல் நம் மனத்தை விட்டு அகலவில்லை. அன்று முதல் கிடைத்த போதெல்லாம் இதைப் பற்றிப் படித்துவந்தோம். பெரியவருடைய கேள்விக்கு விடை காண உதவியவர் பம்பாய்க்காரர் அல்லர். புடாபெஸ்டில் பிறந்து நியூ யார்க்கில் பிழைத்த ஒரு மென்பொருள் வியாபாரி. பங்கு மார்க்கெட்டுக்குள் யந்திரத்தைக் கொண்டுவந்து நுழைத்தவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். அவரே பின்னாளில், இந்த வேகம் எதற்கு என்று கேட்கத் தொடங்கினார். அவர் பெயர் தாமஸ் பீட்டர்ஃபி.

பீட்டர்ஃபி 1944ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் புடாபெஸ்ட் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் நிலவறையில் பிறந்தார். மேலே ரஷ்ய விமானங்கள் குண்டு பொழிந்துகொண்டிருந்தன. 1965ல் ஊரை விட்டு அமெரிக்கா சென்றார். ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. நியூ யார்க்கில் சாலைகளுக்குப் படம் வரையும் எஞ்சினீயர் அலுவலகம் ஒன்றில் வரைபடக்காரராக அமர்ந்தார். அந்த அலுவலகம் ஒரு கணிப்பொறி வாங்கிற்று. அதை இயக்கத் தெரிந்தவர் ஒருவரும் அங்கு இல்லை. நான் கற்றுக்கொள்கிறேன் என்று பீட்டர்ஃபி முன்வந்தார். வேற்றூருக்கு வந்து பாஷை புரியாமல் விழித்தவனுக்கு யந்திரத்தின் பாஷை எளிதாக வந்தது போலும். நம்மவர் பலர் மராத்தியும் இந்தியும் வாயில் நுழைவதற்கு முன்பே டைப்ரைட்டரைப் பிடித்துக்கொண்டு இந்நகரில் காலூன்றிய கதையை முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இதுவும் அவ்வகைக் கதைதான்.

பிறகு உலோக வியாபாரம் செய்யும் கம்பெனி ஒன்றுக்குக் கணிப்பொறி நிரல் எழுதிக் கொடுத்தார். ஆப்ஷன் என்று வழங்கும் உரிமைச் சீட்டுக்கு நியாயமான விலை என்ன என்று கணக்கிடுவது அந்நிரல்களின் வேலை. 1977ல், சேர்த்த பணத்தைக் கொண்டு அமெரிக்கன் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் ஓர் இடத்தை விலைக்கு வாங்கிக் களத்தில் இறங்கினார்.

அக்காலத்தில் அம்மன்றம் ஒரு பெரிய கூச்சல்மடம். வியாபாரிகள் கூட்டமாக நின்று கையைக் காட்டி உரக்கக் கத்தி விலை பேசுவார்கள். விலையை அனுபவத்தாலும் ஊகத்தாலும் சொல்வார்கள். பீட்டர்ஃபியோ கணிப்பொறி கணக்கிட்ட விலைகளைத் தாளில் அச்சிட்டுக் கையோடு எடுத்துச் சென்றார். 1983ல் கையில் பிடிக்கும் அளவுக்கு ஒரு கணிப்பொறிப் பலகையைச் செய்து தம் ஆட்களிடம் கொடுத்தார். கணக்கிடும் கருவிகளுக்கு அனுமதியில்லாத களத்தில், ஓரத்துத் திரைகளில் வர்ணக் கோடுகளைத் தோன்றச் செய்து, அவற்றின் வரிசையைப் பார்த்தே தம் ஆட்கள் விலையை அறியும்படி ஏற்பாடு செய்தார். விதி எவ்விடத்தில் மூடினாலும் இவர் அதன் பக்கத்தில் ஒரு ஜன்னலைக் கண்டுபிடித்தார்.

இந்தத் திறமையின் உச்சம் 1987ல் நிகழ்ந்தது. நாஸ்டாக் என்னும் சந்தை அப்போதே கூச்சல் இல்லாத சந்தை. உறுப்பினர்களுக்கு ஒரு திரையும் விசைப்பலகையும் கொண்ட பெட்டியைக் கொடுத்திருந்தார்கள். திரையில் விலை தோன்றும். விசையைத் தட்டினால் கட்டளை போகும். பீட்டர்ஃபியின் ஆட்கள் அப்பெட்டியின் கம்பியை வெட்டித் தங்கள் கணிப்பொறியோடு இணைத்துவிட்டார்கள். கணிப்பொறியே விலையைப் படித்தது, கணக்கிட்டது, கட்டளை அனுப்பியது. மனிதன் வேடிக்கை பார்த்தான்.

இவ்வளவு வியாபாரம் செய்பவரின் அலுவலகத்தைப் பார்க்க ஒரு நாள் நாஸ்டாக்கின் அதிகாரி வந்தார். வரிசையாக ஆட்கள் அமர்ந்து தட்டிக்கொண்டிருப்பார்கள் என்று எதிர்பார்த்தவர், ஒரே ஒரு பெட்டியையும் அதில் சொருகிய கம்பியையும் கண்டார். கட்டளைகள் விசைப்பலகையின் வழியாகவே வரவேண்டும் என்பது விதி. கம்பியை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வாரத் தவணை கொடுத்துச் சென்றார்.

அந்த ஒரு வாரத்தில் பீட்டர்ஃபியும் அவருடைய எஞ்சினீயர்களும் இரவு பகலாக உழைத்தார்கள். திரையைப் படிக்க ஒரு காமிரா. காமிரா படித்ததைக் கணக்கிடக் கணிப்பொறி. கணிப்பொறி சொன்னதைத் தட்ட ரப்பர் விரல்கள் பொருத்திய ஒரு யந்திரம். குறித்த நாளில் அதிகாரி மறுபடி வந்தார். ரப்பர் விரல்கள் தடதடவென்று விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தன. விசைப்பலகையின் வழியாகத்தான் கட்டளை போயிற்று. தட்டுபவன் மனிதனாக இருக்கவேண்டும் என்று விதியில் எழுதவில்லை. யந்திரம் தொடர்ந்து தட்டிற்று.

இந்தச் செய்தியைப் படித்தபோது நாம் வாய்விட்டுச் சிரித்தோம். சிரித்து முடித்தபின் பெரியவரின் மகன் நினைவுக்கு வந்தான். அவனும் ஒரு கண்ணாடித் திரையை விரலால் தட்டுகிறான். எதிரே தட்டும் விரல் எது?

ரப்பர் விரல் ஒரு விசையை அழுத்தி எடுக்கவும் சற்று நேரம் பிடிக்கும். பின் வந்த ஆண்டுகளில் விரலும் வேண்டாம், விசைப்பலகையும் வேண்டாம் என்று ஆயிற்று. சந்தைகளே கணிப்பொறிகளாக மாறின. இதில் நன்மை இல்லை என்று சொல்லமுடியாது. முன்னே கூச்சலிட்ட தரகன் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே வைத்துக்கொண்ட இடைவெளி குறைந்தது. சாதாரண ஜனங்களுக்குச் செலவு இறங்கியது. இதைப் பீட்டர்ஃபி பெருமையாகவே சொல்லிக்கொள்பவர். யந்திரம் கெட்டது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஓர் எல்லைக்குமேல் அதன் வேகத்தால் ஊருக்குப் பயன் என்ன என்பதே அவர் கேள்வி.

அந்த எல்லையை உணர ஒரு சிறு கணக்கு. நம் இலக்கண நூலார் கண்ணிமைக்கும் பொழுதை, அல்லது கைந்நொடிக்கும் பொழுதை, ஒரு மாத்திரை என்று அளந்தார்கள். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. மகரக் குறுக்கத்துக்குக் கால் மாத்திரை. பள்ளியில் நாம் படித்த மட்டில் அதற்குக் கீழே ஓசைக்கு அளவு கிடையாது. பங்கு மார்க்கெட்டு யந்திரங்களோ ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கி, அதில் ஒரு கூறை மில்லி செகண்டு என்று வைத்துக்கொண்டு அதற்காகச் சண்டையிட்டன. அதையும் ஆயிரம் கூறாக்கி இப்போது சண்டையிடுகின்றன. ஒரு கண்ணிமைப்புக்குள் நூறு மில்லி செகண்டுக்குக் குறையாமல் அடங்கும்.

இதற்காகச் செய்த செலவைக் கேளுங்கள். சிகாகோவில் முன்பேர வியாபாரம். நியூ யார்க்கை அடுத்த நியூ ஜெர்ஸியில் பங்கு வியாபாரத்தின் கணிப்பொறிகள். ஓரிடத்து விலை மாற்றம் மற்றோரிடத்துக்கு ஒளியிழைக் கம்பி வழியே போகும். பழைய கம்பிகள் பெரும்பாலும் ரயில் பாதையையும் நெடுஞ்சாலையையும் ஒட்டி, அவை வளைந்த இடமெல்லாம் வளைந்து சென்றன. 2010ல் ஸ்ப்ரெட் நெட்வொர்க்ஸ் என்ற கம்பெனி, மலையைக் குடைந்து 827 மைல் தூரத்துக்கு முடிந்தமட்டும் நேராக ஒரு புதிய கம்பியைப் பதித்தது. செலவு ஏறத்தாழ 30 கோடி டாலர். போய்த் திரும்பும் நேரம் சுமார் 16 மில்லி செகண்டிலிருந்து 13 ஆகக் குறைந்தது. லாபம் மூன்று மில்லி செகண்டு! அதற்கு வாடகை கொடுக்கப் பெரிய வியாபாரிகள் போட்டியிட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் கோபுரம் விட்டுக் கோபுரம் தாவும் மைக்ரோவேவ் அலைகள் வந்து அக்கம்பியையும் முந்திவிட்டன. மலை குடைந்தது வீண்.

நாம் ரயில்வேயில் குமாஸ்தா. பாதையைச் செப்பனிட்டு ஒரு வண்டியின் பயண நேரத்தில் அரை மணி குறைத்தால், அதில் ஏறும் அத்தனை பேருக்கும் அந்த அரை மணி மிஞ்சும். இந்த மூன்று மில்லி செகண்டோ ஒருவனிடமிருந்து மற்றவன் பறித்தது. இவன் முந்தினான், அவன் பிந்தினான் என்பதல்லாமல் கூடுதலாக ஒரு பிரயாணியும் ஊர் போய்ச் சேரவில்லை. 2012ல் அமெரிக்க வானொலி நிகழ்ச்சி ஒன்றில் பீட்டர்ஃபி சொன்ன கருத்தும் இதுவே. ஒரு கட்டளையில் மூன்று மில்லி செகண்டைக் குறைப்பதால் சமூகத்துக்கு ஒரு பயனும் இல்லை என்றார்.

பயன் இல்லாவிட்டால் போகிறது, தீங்கு உண்டா என்று கேட்கலாம். 2010ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் தேதி பிற்பகல் 2-45 மணியளவில் அமெரிக்கப் பங்கு மார்க்கெட்டில் நடந்ததை அந்நாட்டு அதிகாரிகள் பின்னர் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார்கள். ஒரு பெரிய நிதி ஸ்தாபனம் 75,000 முன்பேர ஒப்பந்தங்களை, அதாவது சுமார் 410 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கை, யந்திரத்தின் வழியே விற்கத் தொடங்கியது. வாங்கிய வேக யந்திரங்கள் அதை வைத்திருக்க விரும்பவில்லை. சூடான அடுப்புக்கரியைக் கைக்குக் கை தள்ளுவதுபோல் ஒன்றன்மேல் ஒன்று தள்ளின. 14 வினாடிகளில் தங்களுக்குள்ளும் பிறரோடும் 27,000 ஒப்பந்தங்களை அவை கைமாற்றிக்கொண்டன. அத்தனை பரபரப்பின் முடிவில் அவை நிகரமாக வாங்கிச் சுமந்தது வெறும் 200 ஒப்பந்தங்களே. கடையில் பெருங்கூட்டம், ஆனால் சரக்கு எடுப்பார் இல்லை.

டௌ ஜோன்ஸ் குறியீட்டெண் அன்று ஏறக்குறைய 1,000 புள்ளிகள் வரை விழுந்து, சில நிமிஷங்களில் பெரும்பாலும் மீண்டது. அந்தச் சில நிமிஷங்களில் ஆக்சென்ச்சர் என்னும் பெரிய கம்பெனியின் பங்கு ஒரு சென்ட்டுக்கு விற்றது. வேறு சில பங்குகளுக்கு ஒரு லட்சம் டாலர் என்று விலை விழுந்தது. 20,000க்கு மேற்பட்ட வியாபாரங்களைப் பிறகு செல்லாதவை என்று ரத்து செய்தார்கள். பயந்து விற்றவர்களுள் ரத்தாகாமல் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

இது நடந்து ஐந்து மாதம் கழித்து, அக்டோபரில், உலகப் பங்கு மார்க்கெட்டுகளின் தலைவர்கள் பாரிஸில் கூடினார்கள். அங்கே பேச பீட்டர்ஃபியை அழைத்திருந்தார்கள். அவர் சுற்றி வளைக்கவில்லை. பொதுமக்களுக்கு இன்று மார்க்கெட்டுகள் சூதாட்ட விடுதிபோல் தோன்றுகின்றன. ஒரே வித்தியாசம், சூதாட்ட விடுதியில் விதிகள் வெளிப்படையாகவும் எளிதில் விளங்குமாறும் இருக்கின்றன என்ற கருத்தை அந்தச் சபையிலேயே சொன்னார். விருந்துக்கு அழைத்த வீட்டில் சோற்றில் கல் இருக்கிறது என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

யந்திரம் பிறரைத்தான் வீழ்த்தும் என்பதும் இல்லை. 2012 ஆகஸ்ட் முதல் தேதி, நைட் கேப்பிடல் என்ற பெரிய வியாபார ஸ்தாபனத்தின் புதிய நிரலில் பிழை நேர்ந்தது. வேண்டாத பங்குகளை வேண்டாத விலைக்கு அது வாங்கிக் குவித்தது. 45 நிமிஷத்தில் சுமார் 44 கோடி டாலர் நஷ்டம். ஓர் ஆளைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்வதற்குள் ஒரு கம்பெனியே போயிற்று.

சரி, குறை சொல்பவர் மருந்து சொன்னாரா என்றால், சொன்னார். அதை விளக்குமுன் வரிசை என்ற விஷயத்தைச் சற்று நோக்குவோம். பங்கு மார்க்கெட்டின் விதி டிக்கட் ஜன்னலின் விதியைப் போன்றதே. நல்ல விலை சொல்பவன் முன்னே. ஒரே விலை சொல்பவருள் முந்தி வந்தவன் முன்னே. நியாயமான விதி. ஆனால் முந்தி வருவது எப்படி?

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் போகத் தத்கால் டிக்கட்டுக்கு முயன்ற அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி. கடிகாரம் மணியைத் தொட்டு, நாம் குழந்தைகளின் பெயரையும் வயதையும் தட்டி முடிப்பதற்குள் இடம் நிரம்பிவிடும். ஏஜெண்டுகளுள் சிலர் விரலால் தட்டவில்லை, நிரலால் தட்டினார்கள். அதனால் 2025 ஜூலையில் விதி மாறிற்று. இணையத்தில் தத்கால் பெற ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும்; முதல் 30 நிமிஷம் ஏஜெண்டுகள் பதிவு செய்யலாகாது. ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் குடும்பஸ்தருக்கு ஒதுக்கினார்கள் என்று பொருள்.

பீட்டர்ஃபி அரை மணி கேட்கவில்லை. ஒரு கண்ணிமைப்புத்தான் கேட்டார். 2014ல் அவர் முன்வைத்த யோசனை இது. சந்தையில் ஒருவன் விலை சொல்லிக் காத்திருக்கிறான். அவ்விலையைப் பாய்ந்து எடுக்க மற்றொருவனிடமிருந்து கட்டளை வருகிறது. அப்படி எடுக்க வரும் கட்டளை ஒவ்வொன்றையும் 10 முதல் 200 மில்லி செகண்டு வரை, குலுக்கல் முறையில் வரும் ஏதோ ஓர் அளவு நேரத்துக்கு, நிறுத்தி வைத்து அதன்பின் உள்ளே விடவேண்டும். ஜன்னலுக்கு வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு சீட்டை எடுத்து, சீட்டில் உள்ள எண்ணளவு காத்திருக்கவேண்டும் என்பது போல. மூன்று மில்லி செகண்டு முந்தி வந்தவனுக்கு 150 என்று சீட்டு விழலாம். பிந்தி வந்தவனுக்கு 20 விழலாம். அப்போது மூன்று மில்லி செகண்டுக்காக எவன் மலையைக் குடைவான்? வீட்டிலிருந்து பங்கு வாங்கும் மனிதனுக்கோ அந்தத் தாமதம் நடந்ததே தெரியாது.

இவ்வளவு எளிய யோசனையை ஏன் ஏற்கவில்லை என்று நமக்குத் தோன்றுகிறது. சந்தைகள் இப்போது லாபம் தேடும் கம்பெனிகள். தங்கள் கணிப்பொறிக்குப் பக்கத்திலேயே வேக வியாபாரியின் கணிப்பொறியை வைக்க இடம் கொடுத்து வாடகை வாங்குகின்றன. விரைவான விலைச் செய்தியைத் தனியே விற்கின்றன. வேகத்தை விற்கிற கடைக்காரன் வேகம் வேண்டாம் என்று பலகை மாட்டுவானா?

ஒரு சந்தை இதற்குக் கிட்டத்தட்ட ஒன்றைச் செய்தது. ஐ.இ.எக்ஸ். என்ற அச்சந்தை, 61 கிலோமீட்டர் நீளமுள்ள ஒளியிழையைச் சுருளாகச் சுற்றி ஒரு பெட்டிக்குள் வைத்து, கட்டளைகள் எல்லாம் அதன் வழியாகச் சுற்றி வரும்படி செய்தது. தாமதம் 350 மைக்ரோ செகண்டு, அதாவது ஒரு மில்லி செகண்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 2016 ஜூனில் அமெரிக்க அதிகாரிகள் அதற்கு அங்கீகாரம் தந்தார்கள். 2018 அக்டோபரில் பீட்டர்ஃபி தம் இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் கம்பெனியின் பங்குகளை நாஸ்டாக்கிலிருந்து எடுத்து அச்சந்தையில் பதிவு செய்தார். அவ்வாறு பதிவான முதல் கம்பெனி அதுதான். இரண்டாவது கம்பெனி வரவே இல்லை. 2019ல் அவர் மீண்டும் நாஸ்டாக்குக்கே திரும்ப வேண்டியதாயிற்று. ரப்பர் விரல்களைப் பார்க்க அதிகாரியை அனுப்பிய அதே நாஸ்டாக்.

ஏணியில் ஏறி மாடிக்குப் போனவர், பின்னால் வருபவன் ஏறாதபடி ஏணியை எடுக்கப் பார்க்கிறார் என்று அவரை ஏசுவோர் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. இருபுறமும் விலை கூறி நிற்கும் பழைய வியாபாரத்தை அவருடைய டிம்பர் ஹில் ஸ்தாபனம் செய்துவந்தது. அவரினும் வேகமானவர்கள் வந்தபின் அதில் லாபம் சுருங்கி, 2017ல் அவ்வியாபாரத்தை மூடுவதாக அறிவித்தார். எனவே அவர் குரலில் தோற்றவனின் கசப்பும் கலந்திருக்கலாம். ஆனாலும் நாம் ஒன்று நினைக்கிறோம். பூட்டுச் செய்யும் ஆசாரி, இந்தப் பூட்டை ஒரு ஹேர்பின்னால் திறக்கலாம் என்று சொன்னால், அவன் கடையில் வியாபாரம் குறைந்ததா என்று விசாரிப்பதற்கு முன் நம் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொள்வதே முறை.

நம் வீட்டுக் கதவுக்கு வருவோம். இந்தியாவில் 2008ல் யந்திர வியாபாரத்துக்கு வழி திறந்தது. பெரிய சந்தைகள் தங்கள் கணிப்பொறிக்கு அருகில் இடம் கொடுக்கும் வழக்கத்தையும் தொடங்கின. தேசிய பங்குச் சந்தையில் விலைச் செய்தி முதலில் இணைந்தவருக்கு முதலிலும் அடுத்தவருக்கு அடுத்தும் போகும் முறை இருந்தது. அதனால் சிலருக்கு அனுகூலம் கிடைத்தது என்று 2015ல் புகார் எழுந்தது. செபி எனும் கட்டுப்பாட்டு வாரியம் 2019ல் அச்சந்தை 624 கோடி ரூபாய்க்கு மேல் வட்டியோடு செலுத்த உத்தரவிட்டது. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டு மன்றம் அவ்வுத்தரவை நீக்கி, 100 கோடி செலுத்தச் சொன்னது. தரகரோடு கூட்டுச் சேர்ந்ததற்குப் போதிய சாட்சியம் இல்லை என்று 2024 செப்டம்பரில் செபியே அந்த விவகாரத்தை முடித்துவைத்தது. யார்மீதும் நாம் குற்றம் சாட்டப் புகவில்லை. வரிசையில் முதலில் நிற்பதற்கு இங்கும் அவ்வளவு மதிப்பு உண்டு என்பதற்காகவே இதைக் குறித்தோம்.

2016 ஆகஸ்டில் செபி வெளியிட்ட ஆலோசனைப் பத்திரம் ஒன்றைக் கண்டபோது நமக்கு வியப்பு உண்டாயிற்று. வேக வியாபாரத்தைக் கட்டுப்படுத்தப் பல வழிகளை அதில் ஆராய்ந்திருந்தார்கள். குலுக்கல் முறையில் தாமதம் செய்வதும் அவற்றுள் ஒன்று! பீட்டர்ஃபியின் கண்ணிமைப்பு இரண்டாண்டுகளில் கடல் கடந்து பம்பாய்க்கு வந்து சேர்ந்திருந்தது. 2018 ஏப்ரலில் முடிவு வந்தது. விலைச் செய்தியை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பது, சிறு தரகரும் அருகிட வசதியைப் பகிர்ந்துகொள்வது முதலியவற்றை ஏற்றார்கள். குலுக்கல் தாமதம் அதில் இடம் பெறவில்லை.

இனிப் பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை. 2024 செப்டம்பரில் செபி ஓர் ஆய்வை வெளியிட்டது. இளைஞர்கள் எஃப் அண்டு ஓ என்று சொல்லும் முன்பேர, ஆப்ஷன் வியாபாரத்தில் 2021-22 முதல் 2023-24 வரை மூன்றாண்டுகளில் ஈடுபட்ட ஒரு கோடிக்கு மேற்பட்ட தனி நபர்களுள் 100க்கு 93 பேர் நஷ்டம் அடைந்தார்கள். செலவுகளையும் சேர்த்து நஷ்டம் ஆளுக்குச் சராசரி இரண்டு லட்சம் ரூபாய். மொத்தத்தில் 1.8 லட்சம் கோடிக்கு மேல். அந்தப் பணம் யாரிடம் போயிற்று? 2023-24ல், செலவுகளைக் கழிக்குமுன், சொந்த முதலில் வியாபாரம் செய்யும் தரகு ஸ்தாபனங்கள் சுமார் 33,000 கோடியும், அயல்நாட்டு முதலீட்டு ஸ்தாபனங்கள் சுமார் 28,000 கோடியும் லாபம் ஈட்டின. அயல்நாட்டாருடைய லாபத்தில் 100க்கு 97 பங்கும், தரகு ஸ்தாபனங்களின் லாபத்தில் 100க்கு 96 பங்கும் யந்திர நிரல்களின் வழியே வந்தவை.

அந்நிரல்கள் யாவுமே மில்லி செகண்டுக்கு ஓடுபவை அல்ல. நிதானமாகக் கணக்கிட்டு வாங்கும் நிரல்களும் அவற்றுள் உண்டு. ஒரு நல்ல கம்பெனியின் பங்கை வாங்கிப் பத்தாண்டு பெட்டியில் வைத்திருப்பவனுக்கு இந்த வேகச் சண்டையால் பெரிய நஷ்டமும் இல்லை. காலை 9-15க்குச் சந்தை திறந்தது முதல் பிற்பகல் 3-30 வரை நிமிஷத்துக்கு ஒரு தடவை விரலால் தட்டுபவன்தான் எதிரே இருப்பது யாரென்று அறிந்திருக்க வேண்டும்.

சென்ற ஞாயிறன்று பெரியவர் மகனையும் அழைத்துக்கொண்டு வாசகசாலைக்கு வந்தார். இருபத்தாறு வயதுப் பிள்ளை, மரியாதையுள்ளவன். நாம் அறிந்தவற்றைச் சொன்னோம். ரப்பர் விரல் கதையில் அவனும் சிரித்தான். 93 என்றபோது சிரிப்பு நின்றது, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அண்ணா, மீதி ஏழு பேர் ஜெயித்திருக்கிறார்கள் அல்லவா?" என்றான்.

"ஜெயித்திருக்கிறார்கள். உன் கணக்கை மாதவாரியாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தாயா, நீ எந்தப் பக்கம் என்று?" என்று கேட்டோம்.

அவன் விடை சொல்லவில்லை. கைப்பேசியை எடுத்து எதையோ தேடத் தொடங்கினான். பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நம்மிடம் நீட்டினார்.

"அந்த வெளிதேசத்துக்காரர் பெயரையும் அந்த 93 கணக்கையும் தமிழில் எழுதிக் கொடுங்கள், தம்பி. அவன் அம்மா படித்துப் பார்க்கவேண்டும் என்கிறாள்."

எழுதிக் கொடுத்தோம். மகன் அப்போதும் கைப்பேசியில் மாதம் மாதமாகப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டிருந்தான்; ஜூன் மாதத்தில் வந்து விரல் நின்றது.